எப்போதிலிருந்து இல்லை?

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியின் ஒபிசில் கிளாக்கராக இருக்கிறேன். தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பையிலிருந்து கடதாசியை எடுக்கும்போதே “இத கென்சல் பண்ணணும் தம்பி” என்பார்கள். இல்லாவிட்டால் “இத கென்சல் பண்ணிட்டாங்களாம் தம்பி, பாருங்க” என்பார்கள். கல்யாணம், காணி உறுதி, சம்பள வர்த்தமானி, சேமலாப நிதிக்கு எழுதிக்கொடுத்த வாரிசுப் பெயர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். கொஞ்சம் படித்தவர்கள் ‘இரத்து’ என்பார்கள். அதுவும் அவ்வளவுதான், வித்தியாசம் எதையும் காட்டாது.

சட்டத்தில் இது ஒரு காரியம் அல்ல. இன்றோடு முடிக்கிறேன் என்பது ஒன்று. ஆரம்பத்திலிருந்தே இப்படி ஒன்று இருக்கவில்லை என்று அறிவிப்பது வேறு. வழக்கு முடியும்வரை நிறுத்தி வை என்பது இன்னொன்று. கொடுத்த கையே திருப்பி எடுத்துக்கொள்வதும் உண்டு. எதிரே இருப்பவர் எதைச் சொல்கிறார் என்று பிடிக்க நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எப்போதிலிருந்து?

கல்யாணத்தில்தான் இந்தக் கேள்வி ஆளை உலுக்கும். விவாகரத்து கேட்க வேண்டுமென்றால், ரத்துச் செய்ய முதலில் ஒரு விவாகம் இருக்க வேண்டும். நம் நாட்டுப் பொதுச் சட்டத்தில், அதாவது 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, அதற்கு மூன்றே காரணங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு வைத்திருப்பது, வேண்டுமென்றே கைவிட்டுப் போவது, கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலும் அது உடனே முற்றாகாது. குறைந்தது மூன்று மாதம் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர்கள் கணவன் மனைவி இல்லை. அதுவரைக்கும் அவர்கள் கணவன் மனைவிதான். நடந்தது நடந்தபடி இருக்கும்.

விவாகம் வலிதற்றது, அதாவது செல்லாது, என்று அறிவிப்பது அப்படியல்ல. விவாகரத்து தேயிலைச் செடியை வெட்டுவது என்றால், இது அந்த இடத்தில் யாரும் செடியே நடவில்லை என்று சொல்வது.

பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். புருசன் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான், விவாகரத்து வேண்டும் என்றார். பதிவுத் திருமணம், பத்திரம் ஒழுங்காக இருந்தது. பேச்சுவாக்கில்தான் சொன்னார், அவனுக்கு முன்னாலேயே வேறொரு தோட்டத்தில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருக்கிறார்கள் என்று. “அது ரெஜிஸ்டர் பண்ணல மிஸ். கோயில்ல தாலி கட்டினதோட சரி. அதனால அது கணக்கில்ல.”

எங்கள் சட்டத்தரணி மிஸ் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

அது கணக்கில் உண்டு. இலங்கையின் பொதுச் சட்டத்தில் பதிவு என்பது விவாகத்துக்கு மிகச் சிறந்த சாட்சி. ஆனால் பதிவுதான் விவாகம் என்று இல்லை. வழக்கப்படி சடங்கு செய்து, ஊரறியக் குடும்பம் நடத்தியதை நிரூபிக்க முடிந்தால் அதுவும் வலிதான விவாகம். அதே சட்டத்தின் 18 ஆம் பிரிவு, முந்தைய விவாகம் ஒன்று சட்டப்படி கலைக்கப்படாமலோ வலிதற்றதென்று அறிவிக்கப்படாமலோ இருக்கும்போது செய்கிற அடுத்த விவாகம் எதுவும் வலிதாகாது என்கிறது. ஆகவே எங்கோ ஒரு தோட்டத்துக் கோயிலில், கடதாசி எதுவும் இல்லாமல் கட்டிய தாலி, முத்திரை குத்திப் புத்தகத்தில் ஏறிய கல்யாணத்தைக் கவிழ்த்துவிடலாம். நம் தோட்டங்களில் தாலி முதலில், பதிவு பிறகு என்பது பழைய பழக்கம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வேளையில்தான் பலர் பதிவாளரைத் தேடுவார்கள். அப்படி இருக்கையில் ‘ரெஜிஸ்டர் பண்ணல, கணக்கில்ல’ என்கிற நம்பிக்கை எத்தனை வீட்டில் இருக்குமோ.

“உங்களுக்கு விவாகரத்து எடுக்க ஏலாதும்மா. அந்த முதல் கல்யாணத்த நிரூபிச்சா, உங்க கல்யாணமே செல்லாது” என்றார் மிஸ்.

“கடதாசி இந்தா இருக்கே மிஸ்.”

“கடதாசி இருக்கு. கல்யாணம் இல்ல.”

“அப்ப இத்தன வருசமா அந்த வீட்ல நான் யாரு?”

இதற்கு மிஸ்ஸிடம் பதில் இல்லை. சட்டத்திடமும் நல்ல பதில் இல்லை. மனைவி இல்லை என்பது தெரியும்; யார் என்று சட்டம் சொல்லுவதில்லை.

எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கேடுகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். வலிதற்றது என்பதற்கு அங்கே ‘சூன்ய’ என்றொரு சொல் உண்டு. அதை மிஸ் வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா, “ஆமா மிஸ், யாரோ சூனியம் வச்சிட்டாங்கதான்” என்றார். அழுதுகொண்டிருந்தவர் அதைச் சொல்லிச் சிரித்தும் விட்டார்.

ஆரம்பத்திலிருந்தே செல்லாதது என்றால், நீதிமன்றத்துக்கு ஏன் போக வேண்டும் என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே நீதிபதி எதையும் வெட்டுவதில்லை. ஏற்கெனவே இல்லாததை இல்லை என்று உரக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் அப்படி அவர் சொல்லும்வரை பதிவாளரின் புத்தகத்தில் அந்த வரி அப்படியே கிடக்கும். நாளைக்கு இந்த அம்மா இன்னொருவரைக் கட்ட நினைத்தால் அந்த வரி குறுக்கே நிற்கும். அவன் செத்துப்போனால், சேமலாப நிதிக்கு யார் மனைவி என்று இரண்டு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் குடிமுறை வழக்கு நடவடிக்கைச் சட்டக்கோவை இதற்கென்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது: மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து விவாகம் வலிதற்றது என்று அறிவிக்கக் கேட்கலாம்.

வயது விசயமும் இப்படித்தான். 1995 இல் சட்டத்தைத் திருத்தி, இருவருக்கும் 18 வயது முடியாவிட்டால் விவாகம் வலிதாகாது என்று ஆக்கினார்கள். பிள்ளைக்கு இரண்டு வயதைக் கூட்டிச் சொல்லிக் கட்டி வைக்கிற பெற்றோருக்கு அது செல்லாத கல்யாணம் என்று சொன்னால், “வயசு வந்தா சரியாயிரும்தானே” என்கிறார்கள். தானாக ஒன்றும் சரியாகாது.

பிள்ளைகள் என்ன ஆவார்கள்? எனக்கு இதில் சட்டத்தின் மேல் கோபம் உண்டு. நமது பழைய பிறப்புப் பத்திரத்தில் ‘பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?’ என்று ஒரு கூடு இருக்கிறது. அந்தக் கூட்டில் ‘ஆம்’ என்று எழுதிய பதிவாளர் பொய் எழுதவில்லை. அன்றைக்கு அவர் கண்ட கடதாசி அப்படி. சட்டக்கோவையில் ஓர் இரக்கம் இருக்கிறது. முந்தைய துணை இறந்துவிட்டதாக இருவரும் மெய்யாகவே நம்பிக் கட்டியிருந்தால், அல்லது மனநோய் காரணமாக விவாகம் வலிதற்றதானால், அதற்கு முன் பிறந்த பிள்ளைகளின் பெயரைத் தீர்ப்பாணையில் எழுதி அவர்களின் வாரிசு உரிமையைக் காப்பாற்றலாம். ஆனால் முதல் மனைவி அடுத்த தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பது தெரிந்தே கட்டியவனின் பிள்ளைகளுக்கு அந்த இரக்கம் கிடையாது. பிழை செய்தவன் அப்பன். வரி மாறுவது பிள்ளையின் பத்திரத்தில்.

ஆறுதலுக்கு ஒன்று: 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பெற்றோருக்குள் விவாகம் இருந்ததா என்று பார்ப்பதில்லை. பிள்ளை அவனுடையது என்றால் அவன் செலவுக்குக் கொடுத்தாக வேண்டும். மிஸ் அந்த அம்மாவை முதலில் நீதவான் நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பினார். அரிசி வாங்கக் காசு வரட்டும், கல்யாணம் இருந்ததா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார். இந்த வேலையில் நான் கண்ட புத்திசாலித்தனமான முடிவுகளில் அது ஒன்று.

காணிக்கு வருவோம். ஒரு தகப்பன் மகனுக்கு வீட்டை நன்கொடையாக எழுதிக்கொடுக்கிறார். மகன் சோறு போடவில்லை. அவர் அதைக் கென்சல் பண்ணலாமா? மலைநாட்டில் இதற்கு இரண்டு பதில், இரண்டும் ஒரே தெருவில். பக்கத்து வீட்டுக்காரர் கண்டியச் சிங்களவராக இருந்தால், 1938 ஆம் ஆண்டின் கண்டியச் சட்டப்படி நொத்தாரிசிடம் போய் இன்னோர் உறுதி எழுதி, கொடுத்ததைத் தானே மீளப்பெறலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மீளப்பெறும் உரிமையை உறுதியிலேயே விட்டுக்கொடுத்திருந்தால் முடியாது. நடக்கப்போகிற கல்யாணத்துக்கென்று கொடுத்து, அந்தக் கல்யாணமும் நடந்திருந்தால் அதுவும் முடியாது. விகாரைக்குக் கொடுத்ததைப் போன்ற வேறு சில விலக்குகளும் உண்டு.

நம் ஆள் தமிழர். அவருக்கு ரோமன் டச்சுச் சட்டம். கொடுத்தது கொடுத்ததுதான். மகன் மாபெரும் நன்றிகெட்டவன் என்று நிரூபித்தால் நீதிமன்றம் இரத்துச் செய்யும். அதற்கென்றே 2017 இல் 5 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். நன்றிகெட்டதனத்தைத் தலைப்பிலேயே சுமந்து நிற்கிற சட்டம் அது. என்ன, தகப்பன் மகனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க வேண்டும். பாதிப் பேர் “வேணாம் தம்பி, அவன் நல்லா இருக்கட்டும்” என்று உறுதியை மடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த வகை இரத்து பின்னோக்கி ஓடாது. நன்கொடை கொடுத்த நாளில் செல்லுபடியானதுதான். அதைக் கலைக்கும்வரை வீடு மகனுடையது. பயமுறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்தும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். பாதிக்கப்பட்டவர் எழுந்து வந்து கேட்டால் நீதிமன்றம் கலைக்கும். அவர் பேசாமல் இருந்தால் உறுதி பேசாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

லயத்துக் காம்பராவை வெள்ளைத்தாளில் எழுதி விற்பது வேறு விதம். வாங்கியவர், விற்றவர், இரண்டு சாட்சி, தோட்டத் தலைவரின் கையெழுத்துக்கூட இருக்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் அதற்குச் சட்டத்தில் எந்த வலுவும் இல்லை என்கிறது. போதாததற்கு நிலம் விற்றவருடையதே அல்ல. அரசுடையது, கம்பெனிக்கு நீண்டகாலக் குத்தகை. இதை யாரும் கென்சல் பண்ண வேண்டிய அவசியமே இல்லை. காசு மட்டும் மெய்யாகவே கைமாறியிருக்கும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார். வர்த்தமானியும் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்தது. மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் “1,700 கென்சல்” என்று பேச்சு. அது கென்சல் அல்ல. இடைக்கால உத்தரவு வர்த்தமானியைக் கொல்லாது, படுக்க வைக்கும். வழக்கு முடிவில் நீதிமன்றம் எழுத்தாணை (ரிட்) கொடுத்து வர்த்தமானியைத் தள்ளியிருந்தால்தான், அதிகாரமில்லாமல் செய்தது, ஆகவே தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆகும். அந்த இடத்துக்கு விசயம் போகவில்லை. தொழில் அமைச்சே வர்த்தமானியை மீளப்பெற்றுக்கொண்டது. செப்டம்பரில் சம்பளச் சபை வழியாக 1,350 ரூபாய் வந்தது.

வர்த்தமானி வந்த நாளுக்கும் நிறுத்திய நாளுக்கும் இடையில் கொழுந்து எடுத்த நாட்களுக்கு என்ன சம்பளம் என்று ஒரு பெரியவர் வந்து கேட்டார். ஒபிசில் இருந்த எங்களில் அவர்தான் சட்டத்தின் கழுத்தைச் சரியாகப் பிடித்தவர். எப்போதிலிருந்து என்று கேட்காமல் சும்மா கென்சல் என்று சொல்லிவிட்டுப் போனால், இடையில் கிடக்கிற நாட்கள் கம்பெனியின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனிப் பெரிய கதை. 1948 இல் நம் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையை இரத்துச் செய்தார்கள் என்று மேடைகளில் கேட்டு வளர்ந்தோம். சட்டத்தை எடுத்து வாசித்தால் ‘இரத்து’ என்ற காரியம் அதற்குள் நடக்கவே இல்லை. அதுவரை இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒன்று இருக்கவில்லை. எல்லோரும் பிரித்தானியப் பிரஜைகள். அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் புதிதாக ஒரு கதவை வைத்து, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று நிலைக்காலை நட்டது. பிறப்பைப் பதியாத லயங்களில் இருந்தவர்கள் வெளியே நின்றார்கள். யாரிடமிருந்தும் எதையும் எடுத்ததாகச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. என் கணக்கில், மிகத் திறமையான இரத்து அதுதான். எதிர்த்து வழக்குப் போட்டால், எதை எதிர்க்கிறாய் என்று கேட்டுவிடலாம்.

வாக்குரிமை அப்படியல்ல. அது கையில் இருந்தது. 1947 தேர்தலில் நம் மக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1949 இல் பிரஜைகளுக்கு மட்டும்தான் வாக்கு என்று திருத்தினார்கள். வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போயின. ருவன்வெல்ல தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். மறுத்தார்கள். மேன்முறையீட்டை விசாரித்த திருத்தல் அலுவலர், இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்துக்கு மட்டும் தடை போடுவதால் அன்று நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு மாறானவை, செல்லாது என்று சொல்லிப் பெயரைச் சேர்க்க உத்தரவிட்டார். அந்த 29 ஆம் பிரிவு, தனக்கு மாறாக நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் அந்த அளவுக்கு வெற்றானது என்று வெளிப்படையாகவே சொன்னது. அப்புறம் உயர் நீதிமன்றம் எழுத்தாணை ஒன்றால் அந்த அலுவலரின் உத்தரவைத் தள்ளியது. 1953 இல் அன்றைய கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகமும் அதுவே சரி என்றது.

ஆக, அந்த வழக்கில் நீதிமன்றம் முறைப்படி இரத்துச் செய்தது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு தோட்டத் தமிழனின் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொன்ன உத்தரவை. இதை முதன்முதலாக வாசித்த நாளில் நான் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

இன்றைக்கு அப்படியொரு வாதத்தை வைக்கவும் வழியில்லை. 1978 அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை, சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு ஒரு சட்டத்தின் வலிதான தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தக்கூடாது என்கிறது. அமைச்சரின் வர்த்தமானியைத் தள்ளலாம். நாடாளுமன்றத்தின் சட்டத்தை நாடாளுமன்றமே நீக்கினால்தான் உண்டு. அந்த நீக்கமும் வழக்கமாக அன்றிலிருந்துதான். முன்னால் நடந்தது அப்படியே நிற்கும் என்று பொருள்கோடற் கட்டளைச் சட்டம் சொல்கிறது.

1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். மீந்த 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து பாதிக்குப் பாதி பங்கு போட்டார்கள். 1988 இல் பிரஜாவுரிமை கொடுக்க ஒரு சட்டம். கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம்: 1964 ஒக்டோபர் 30 இலிருந்து இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் வழிவந்தவர்களும் பிரஜைகள். நல்ல சட்டம். எங்கள் அப்பா பொதுப் பிரகடனம் எழுதிப் பிரஜையானது அதன்படிதான். மஸ்கெலியாப் பக்கம் ஐம்பதுகளில் பிறந்து, தோட்டத்தில் பேர் போட்ட காலம் முழுக்க இந்த மண்ணிலேயே வேலை செய்தவர்.

ஆனால் அந்தச் சட்டம் அப்பாவைப் பிரஜையாக்குவது அது நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து. பிறந்த நாளிலிருந்து அல்ல, 1948 இலிருந்தும் அல்ல. பின்னோக்கிச் செல்லும் சட்டம் எழுத நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லையா என்றால், இருக்கிறது. அரசியலமைப்பின் 75 ஆம் உறுப்புரையே அதை வாய்விட்டுச் சொல்கிறது. ‘பிறந்த நாளிலிருந்தே பிரஜைகளாக இருந்தவர்கள் எனக் கருதப்படுதல் வேண்டும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். 2003 இல் அந்த வரியை எழுதவில்லை. இன்று எழுதினாலும் சட்டப்படி தடை ஒன்றும் கிடையாது.